மூன்றாம் அங்கத்தை வெட்டாதீர்கள்: 'பிரின்ஸ் இகோர்' மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓபரா அரங்குகளின் கலை இயக்குநர்களுக்கும், இசை நடத்துநர்களுக்கும், மேடை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் போரோதினின் 'பிரின்ஸ் இகோர்' ஓபரா உங்கள் அரங்கில் அடுத்து எப்போது வந்தாலும், ஒத்திகை அட்டவணை போடுவதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் அங்கத்தை அப்படியே தூக்கி எறியும் பழக்கத்தை விடுங்கள். நேரம் இல்லையென்றால் சுருக்குங்கள். எப்படிச் சுருக்கலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறோம். மற்ற சில மேடைக் குறைகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறோம். அவை சிறியவை, ஆனால் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருபவை.

மூன்றாம் அங்கம் இல்லாத இரவில் பார்வையாளர் என்ன பார்க்கிறார்? இரண்டாம் அங்கத்தில், படையெடுத்துத் தோற்ற குறுநில மன்னன் இகோர், எதிரிகளான பொலொவெத்ஸியர் என்ற புல்வெளி மக்களின் பாளையத்தில் கைதி. ஞானஸ்நானம் பெற்ற பொலொவெத்ஸியனான ஒவ்லூர் இருட்டில் வந்து, குதிரை தயார், தப்பிவிடலாம் என்கிறான். திருட்டுத்தனமாக ஓடுவது தனக்கு இழுக்கு என்று இகோர் மறுக்கிறான். அடுத்து பொலொவெத்ஸியர் தலைவன் கான் கொன்சாக் வருகிறான். இனி என் மேல் வாளெடுக்க மாட்டேன் என்று சொல், விட்டுவிடுகிறேன் என்கிறான். விட்டால் மறுபடி படை திரட்டிக்கொண்டுதான் வருவேன் என்று இகோர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். கொன்சாக் அந்த நேர்மையில் சொக்கிப்போகிறான். நடனம், கைதட்டல், இடைவேளை. இடைவேளை முடிந்து திரை விலகினால் இகோரின் ஊரான புத்தீவ்லின் மதிலில் அவன் மனைவி யாரொஸ்லாவ்னா புலம்புகிறாள், கிராமத்தார் பாடிப் போகிறார்கள், தூரத்தில் இரண்டு குதிரைகள் தெரிகின்றன, இறங்குபவன் இகோர். எப்படி வந்தான்? ஓடமாட்டேன் என்றவன் மனம் எப்போது மாறியது? கூடச் சிறைப்பட்ட மகன் விளாதிமிர் எங்கே? பெற்ற அப்பனும் அதைப் பற்றி வாய் திறக்காததுபோல் முடிகிறது. நாடகத்தின் குறை என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். குறை நாடகத்தில் இல்லை, கத்தரிக்கோலில் இருக்கிறது.

விடை முழுக்க மூன்றாம் அங்கத்தில்தான் உண்டு. இன்னொரு பொலொவெத்ஸியத் தலைவனான கான் க்ஸாக் கொள்ளைப் பொருளோடும் கைதிகளோடும் திரும்புகிறான். புத்தீவ்லுக்கு நேர்ந்த கதி அங்கேதான் இகோர் காதில் விழுகிறது. சக கைதிகளும் தப்பிப் போகச் சொல்கிறார்கள். மானமா, ஊரா என்ற கேள்வியில் ஊர் வெல்கிறது. ஓட மறுத்தவன் ஓடச் சம்மதிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் என்ன வேண்டும்? காவலர்கள் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் மது குடித்து மயங்குகிறார்கள், ஒவ்லூர் குதிரையோடு வருகிறான். கொன்சாக்கின் மகள் கொன்சாகோவ்னா விளாதிமிரை விடமாட்டேன் என்று இழுக்க, தகப்பன் மறுபக்கம் இழுக்க, மூவரும் பாடுகிறார்கள். கடைசியில் அவளே பாளையத்தை எழுப்புகிறாள். தகப்பன் தப்புகிறான், மகன் மாட்டுகிறான். அவனைக் கொல் என்று கூட்டம் கத்துகிறது. கொன்சாக் தடுத்து, மகளுக்கே மணமுடித்து வைக்கிறான். இந்த ஓபராவில் ஒரு செயலிலிருந்து இன்னொரு செயல் பிறக்கும் அங்கம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம். மற்றவை பெரும்பாலும் ஓவியங்கள், அழகான ஓவியங்கள்.

இதை வெட்டுவதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதல் காரணம், அது போரோதின் எழுதியதல்ல, இன்னொரு இசையமைப்பாளரான கிளாசுனோவ் எழுதியது என்பது. பாதி உண்மை. விமர்சகர் விளாதிமிர் ஸ்தாசோவ் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுத்தது 1869இல். அடுத்த ஆண்டே போரோதின் இதைக் கைவிட்டு, இசையின் ஒரு பகுதியைத் தன் இரண்டாம் சிம்பொனிக்குள் கொண்டுபோனார். 1874இல் மறுபடி எடுத்தார். வேதியியல் பேராசிரியர் வேலை, ஆய்வகம், மாணவர்கள், நோய் என்று இழுத்து 1887 பிப்ரவரியில் இறக்கும்போது ஓபரா முடியவில்லை. அவருடைய நண்பரான இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளைஞர் கிளாசுனோவும் தாள்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்றாம் அங்கத்தின் இடைவெளிகளை நிரப்புவதும், போரோதின் பியானோவில் வாசித்துக் காட்டியிருந்த ஓவர்ச்சரை (ஓபராவின் தொடக்க இசையை) எழுதி எடுப்பதும் கிளாசுனோவுக்கு. மீதியை முடித்து, ஒழுங்குபடுத்தி, வாத்தியப்படுத்துவது (ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது) ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு. பதிப்பாளர் பெலாயெவ் 1888இல் பதிப்பித்தார். 1890 நவம்பர் 4 அன்று பீட்டர்ஸ்பர்க்கின் மரியின்ஸ்கி அரங்கில் முதல் நிகழ்ச்சி.

இங்கே ஒரு நியாயம் கேட்கிறோம். ஓவர்ச்சரும் கிளாசுனோவ் கைபட்டதுதான். அதை ஏன் யாரும் 'போரோதினல்ல' என்று வெட்டுவதில்லை? ஏனென்றால் அது பிரபலம், கச்சேரியிலும் ஓடும். அந்த ஓவர்ச்சரைப் பற்றிக் கிளாசுனோவே எழுதிவைத்த குறிப்பில், இகோரின் ஏரியாவையும் (தனிப்பாடலையும்) மூவர் பாடலின் ஒரு சொற்றொடரையும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் இடம் போரோதினின் தாள்களிலேயே கிடைத்தது என்கிறார். எந்த மூவர் பாடல்? மூன்றாம் அங்கத்தில் வருவது. ஆக, ஓவர்ச்சரை வாசித்துவிட்டு மூன்றாம் அங்கத்தை வெட்டும் அரங்கு, முதல் பத்து நிமிடத்தில் ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துக் கையை விரிக்கிறது. மூன்றாம் அங்கத்தைத் தொடங்கிவைக்கும் பொலொவெத்ஸிய மார்ச்சும் போரோதினின் இசைதான். சந்தேகத்துக்குரிய பகுதிகள் இருக்கின்றன. காவலர் குடிக்கும் காட்சியின் ஓட்டுவேலை கேட்கும்போதே தெரியும், மறைக்கவில்லை. அதற்காக வீட்டையே இடிப்பதா?

இரண்டாம் காரணம், வெட்டினால் ஓபரா தன் மூலக் காவியமான 'இகோரின் படையெடுப்புப் பாட'லுக்கு நெருக்கமாகிறது என்பது. இதைச் சொல்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

'இகோரின் படையெடுப்புப் பாடல்' 1185இல் நடந்த ஒரு தோல்வியைப் பாடுவது. நொவ்கரத்-சேவெர்ஸ்கின் இகோர் ஸ்வியாதொஸ்லாவிச், தம்பி விசெவொலத், மகன் விளாதிமிர், அண்ணன் மகன் என்று நான்கு பேராகப் புறப்பட்டு, கயாலா ஆற்றங்கரையில் கொன்சாக்கிடமும் க்ஸாக்கிடமும் தோற்று, நால்வருமே சிறைப்பட்டார்கள். நம் பரணியில் நூலுக்குத் தோற்றவர் பெயர், பாட்டு வென்றவனுக்கு. இங்கே பெயரும் பாட்டும் தோற்றவனுக்கே. முசின்-புஷ்கின் கோமானிடம் இருந்த ஒரே பழஞ்சுவடியிலிருந்து 1800இல் அச்சானது. சுவடி 1812இல் மாஸ்கோ எரிந்தபோது எரிந்துபோனது.

அந்தப் பாடலில் யாரொஸ்லாவ்னா புத்தீவ்ல் மதிலில் நின்று காற்றையும் தினேப்பர் ஆற்றையும் சூரியனையும் அழைத்துப் புலம்புவது முதலில். இகோர் தப்புவது அதற்குப் பின். போரோதினோ தப்புவதை மூன்றில் வைத்தார், புலம்பலை நான்கில் வைத்தார். ஆகவே மூன்றை எடுத்துவிட்டால் புலம்பல், உடனே வருகை என்று காவிய வரிசை கிடைத்துவிடுகிறதாம். காவியத்தைத் திறந்து பாருங்கள். புலம்பலுக்கும் ஊர் திரும்புவதற்கும் நடுவே தப்பும் பகுதி எத்தனை அடிகள்! நள்ளிரவில் கடல் கொந்தளிக்கிறது. ஆற்றுக்கு அப்பால் ஒவ்லூர் குதிரையை வைத்துக்கொண்டு சீழ்க்கை அடிக்கிறான். இகோர் எர்மின் கீரியாக நாணலுக்குள் பாய்கிறான், வெள்ளை வாத்தாக நீரில் இறங்குகிறான், ஓநாயாக ஓடுகிறான். தொனெத்ஸ் ஆறு அவனோடு பேசுகிறது, அவன் ஆற்றுக்கு நன்றி சொல்கிறான். அதன்பின் துரத்தி வரும் இரண்டு கான்களின் பேச்சு. பருந்து கூட்டுக்குப் பறந்துவிட்டது, குஞ்சைப் பொன் அம்புகளால் அடித்துவிடுவோம் என்கிறான் க்ஸாக். வேண்டாம், குஞ்சை ஒரு அழகிய பெண்ணால் கட்டிப்போடுவோம் என்கிறான் கொன்சாக். மூன்றாம் அங்கத்தின் முடிவு அப்படியே இதிலிருந்து எழுந்தது. வரலாறும் அதைப் பின்தொடர்கிறது: இபாத்தியெவ் நாளாகமத்தின்படி விளாதிமிர் 1187இல் கொன்சாக்கின் மகளோடும் குழந்தையோடும் திரும்பி வந்தான். காவியத்துக்கு நெருக்கம் வேண்டுமென்றால் வெட்டக் கூடாத அங்கம் இதுவே.

மூன்றாம் காரணம் நேரம். இதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. இசை மட்டும் மூன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போகும். இரண்டு இடைவேளை சேர்த்தால் நான்கேகால். ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றே கால், அதற்குமேல் ஆர்கெஸ்ட்ராவுக்கும் மேடைப் பணியாளருக்கும் கூடுதல் நேரச் சம்பளம், பார்வையாளருக்குக் கடைசி ரயில். மூன்றாம் அங்கம் முழுசாக சுமார் 35 முதல் 40 நிமிடம். அதை வெட்டினால் கணக்கு ஒத்துவருகிறது என்பது புரிகிறது.

ஆனால் நாற்பதா பூஜ்யமா என்று மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? இருபது நிமிடத்தில் முடியும். மார்ச்சில் கோரஸ் நுழையும் பெரிய அலை ஒன்றை மட்டும் வைத்து, திரும்பச் சொல்லும் பகுதிகளை விடுங்கள். கொன்சாக்கின் வெற்றிப் பாட்டு போகட்டும். அவன் ஏரியாவை இரண்டாம் அங்கத்தில் கேட்டாயிற்று. கான்கள் கூடிப் பேசும் கோரஸும் போகட்டும். கைதிகள் செய்தி சொல்வதும் இகோர் மனம் மாறுவதும் அசல் நீளத்தில் இருக்க வேண்டும். காவலர் குடித்து ஆடுவதைச் சில அளவுகளுக்கு (தாளக் கட்டங்களுக்கு) சுருக்கலாம். ஆனால் முழுசாக எடுக்காதீர்கள், எடுத்தால் காவலை எப்படித் தாண்டினான் என்ற புதுக் கேள்வி முளைக்கும். ஒவ்லூரின் வருகை சுருக்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது, தொட வேண்டாம். மூவர் பாடலில் ஒரு அளவையும் தொடாதீர்கள். அபாய ஒலியிலிருந்து கொன்சாக்கின் தீர்ப்பு வரை முழுசாக.

வெட்டும் இடத்தில் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, சுருதி தாவுவது காதில் இடிக்கிறதே என்று நாலு அளவு புதிதாக எழுதி ஒட்டுவது. அந்த நாலு அளவு யாருடையது என்று கேட்டால் பதில் கிடையாது; ஏற்கெனவே மூன்று கை பட்ட ஸ்கோரில் (முழு இசைத்தாளில்) நான்காவது கை எதற்கு? நிறுத்தக் குறியோ பொது மௌனமோ இருக்கும் இடத்தில் வெட்டுங்கள், மௌனம் தாவலை விழுங்கிவிடும். இரண்டு, வாடகைக்கு வரும் வாத்தியப் பகுதித் தாள்களை அப்படியே மேசையில் வைப்பது. அவற்றில் பழைய மேடையேற்றங்களின் வெட்டுக்கள் சிவப்பு, நீலம், கரியென்று மூன்று அடுக்காக இருக்கும். இரண்டாம் கொம்பு ஒரு வெட்டைப் பார்த்துத் தாவ, நான்காம் கொம்பு வேறொன்றைப் பார்த்துத் தாவும். நூலகர் முழு ஸ்கோரோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டு, பழையதை அழித்துவிட்டு, ஒரே நிறத்தில் புதிய வெட்டைக் குறிக்க வேண்டும். இந்த வேலைக்கு முதல் ஒத்திகைக்கு முந்திய நாள் மாலை போதாது, இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இருபது நிமிடமும் கிடையாது என்றால் குறைந்தபட்ச மாற்று ஒன்று உண்டு. ரிம்ஸ்கி-கோர்சகோவ் சேர்க்காமல் விட்ட இகோரின் இன்னொரு தனிமொழி போரோதினின் தாள்களில் இருந்தது. ஏன் போர்க்களத்திலேயே விழவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்வது. இசையறிஞர் பாவெல் லாம் 1940களில் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி ஆராய்ந்த வேலை இதற்கெல்லாம் அடிப்படை. மரியின்ஸ்கியின் 1993 பதிப்பில் வலேரி கெர்கியெவ் நடத்தியபோது யூரி ஃபாலிக் வாத்தியப்படுத்திய இசையோடு அது மேடைக்கு வந்தது. அதை வைத்தால் மனமாற்றத்துக்குக் காரணமாவது கிடைக்கும். மகனின் கதி அப்போதும் தொங்கலில்தான் நிற்கும். 'இகோர் தப்பிவிட்டான்' என்று மேல்திரை எழுத்தில் ஓடவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது நாடகமாகாது, ரயில் நிலைய அறிவிப்பாகும்.

அங்க வரிசை பற்றியும் ஒரு சொல். அதே 1993 பதிப்பு முன்காட்சிக்கு அடுத்துப் பொலொவெத்ஸிய அங்கத்தையும், பிறகு புத்தீவ்ல் அங்கத்தையும் வைக்கிறது. பாளையம், நகரம், பாளையம், நகரம் என்று மாறி மாறிப் போகும். இதில் ஒரு இழப்பு இருக்கிறது: இகோர் சிறைப்பட்ட செய்தியைப் பிரபுக்கள் யாரொஸ்லாவ்னாவிடம் சொல்லும்போது நமக்கு அது பழைய செய்தி. ஆனால் புத்தீவ்ல் அங்கம் எதிரி வந்துவிட்டான் என்ற அபாய மணியோடு முடிந்து, அடுத்த திரையில் க்ஸாக் கொள்ளையோடு நுழையும்போது மூன்றாம் அங்கத்துக்கு ஒரு வேகம் கிடைக்கிறது. அந்த வேகத்துக்காக நாங்கள் இந்த வரிசையின் பக்கம். இன்னொரு லாபமும் உண்டு, வெளிப்படையாகச் சொன்னால் கோபிக்க வேண்டாம்: நடனம் முடிந்ததும் வண்டியெடுக்கப் போகிறவர்கள் முதல் இடைவேளையிலேயே போய்விடுவார்கள், மற்றவர்கள் நிம்மதியாகக் கேட்கலாம்.

2014இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் மேடை இயக்குநர் த்மீத்ரி செர்னியாகோவ் செய்தது வேறு வகை. ஓவர்ச்சரும் இல்லை, கிளாசுனோவின் மூன்றாம் அங்கத்தில் பெரும்பகுதியும் இல்லை. காயம்பட்ட இகோரின் கனவாகப் பொலொவெத்ஸியர் ஒரு பாப்பிப் பூவயலில் வந்தார்கள். எங்களுக்கு உடன்பாடில்லாத இடங்கள் அதில் நிறைய. ஆனாலும் அவர் வெட்டியதற்கு விலை கொடுத்தார்: கனவிலிருந்து நொறுங்கிப்போய் மீள்கிறவன் எப்படித் தப்பினான் என்று யாரும் கேட்பதில்லை. வெட்டுகிறவர் அந்த அளவுக்கு யோசித்திருந்தால் இந்த மடலுக்கு அவசியமே இல்லை.

இனி மேடைக் குறைகள்.

நடனக் காட்சி இந்த ஓபராவின் கண். 1879இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் நடத்திய கச்சேரிக்கு வாத்தியப்படுத்தல் முடியாமல், போரோதின், ரிம்ஸ்கி, லியாதொவ் மூவரும் இரவிரவாகப் பென்சிலில் எழுதி, எழுத்து அழியாமலிருக்க போரோதின் தாள்களுக்கு ஜெலட்டின் பூசி, துவைத்த துணிபோல் கயிற்றில் தொங்கவிட்டார் என்று ரிம்ஸ்கி நினைவுகூர்ந்திருக்கிறார். வேதியியலாளரைத் தவிர யாருக்குத் தோன்றும்! 1909இல் பாரிஸில் தியாகிலெவின் குழுவுக்காக ஃபோகின் நடனம் அமைத்த பிறகு, இது பாலே என்றே பலர் நினைக்கிறார்கள். இது கோரஸ் பாடும் நடனம். 'காற்றின் சிறகில் பறந்து போ' என்று பெண்கள் தொடங்குவது முதல் கொன்சாக்கைப் புகழும் கூச்சல் வரை பாட்டுத்தான் முதுகெலும்பு. நடனக் குழுவுக்கு இடம் விடுகிறோம் என்று கோரஸைப் பின்சுவரில் ஒட்டிவைக்கும்போது கோளாறு ஆரம்பம். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நடத்துநரிலிருந்து 20 மீட்டர் பின்னால் நிற்கும் கோரஸ், அவர் கோலைப் பார்த்துச் சரியாகவே பாடினாலும் அவர் காதுக்கு 0.06 வினாடி தாமதமாக வரும். வேகமான ஆறெட்டுத் தாளப் பகுதி நிமிடத்துக்கு 150 அடிகளை ஒட்டி ஓடுகையில் ஒரு சிற்றடி 0.13 வினாடி. அதில் ஏறக்குறைய பாதி தொலைந்துவிட்டது. கோரஸை அவசரப்படுத்தினால் பித்தளைக் குழு முந்திக்கொள்ளும். கோரஸை இரண்டாகப் பிரித்து மேடையின் இரு பக்கமும் முன்னுக்குக் கொண்டுவந்து, நடுவை நடனத்துக்கு விடுங்கள். இரு பக்கமும் நடத்துநரைக் காட்டும் திரை வையுங்கள். எண்ணிக்கையில் அறுபதுக்குக் கீழே போனால் எங்கள் கணிப்பில் இந்த முடிவு எடுபடாது.

உடை, ஜாடை. பொலொவெத்ஸியர் துருக்கிய மொழி பேசிய புல்வெளி மக்கள், கிப்சாக்குகள். அவர்களுடைய மொழி வெனிஸின் மார்ச்சானா நூலகத்திலுள்ள கோதெக்ஸ் குமானிக்குஸ் என்ற கையெழுத்துச் சுவடியில் இருக்கிறது. அவர்கள் நட்டுவைத்த கல் உருவங்கள் தென் உக்ரைன் அருங்காட்சியகங்களில் இன்றும் நிற்கின்றன. தொப்பி, முடி, இடைவார், கழுத்தணி எல்லாம் அந்தக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. இவ்வளவு இருக்க, மெல்லிய சல்லாத் துணியும் அரபு அந்தப்புரமும் எதற்கு? போரோதின் ஹங்கேரிய அறிஞர் ஹுன்ஃபல்வியிடமிருந்து தகவல் பெற்றதும், 1863இல் வெளிவந்த கிறிஸ்தியானோவிச்சின் அரபு இசைத் தொகுப்பைப் பயன்படுத்தியதும் உண்மை. அது அவர் காதுக்குத் தேவைப்பட்ட நிறம். தையற்காரருக்கான ஆவணமாக அதைக் கொள்ள முடியாது.

முன்காட்சியில் படை புறப்படும்போது வரும் கிரகணம். 1185 மே 1 அன்று நடந்தது. படையினர் கண்ட சூரியன் பிறைபோல் நின்றது என்கிறது நாளாகமம். அதாவது பகுதி கிரகணம். மேடையில் முழு இருட்டு போடுகிறார்கள். இருட்டில் கோரஸுக்கு நடத்துநரும் தெரிவதில்லை, அந்த விசித்திரமான ஸ்வரக் கூட்டுகள் மெல்லிய குரலில் நகரும்போது தடுமாறுகிறார்கள். வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்து, மஞ்சளை எடுத்து ஈய நிறத்தைக் கொடுத்தால் போதும். அச்சமும் அதில்தான் அதிகம்.

மணி. புத்தீவ்ல் அங்கத்தின் முடிவில் அடிக்கும் அபாய மணியும், கடைசி அங்கத்தில் இகோரை விட்டு ஓடிய வாத்தியக்காரர்களான ஸ்கூலாவும் யெரோஷ்காவும் தலை தப்பிக்க இழுக்கும் மணியும் ஒரே ஊரின் மணி. கடைசியில் மணி கேட்டு மறுபடி எதிரி வந்துவிட்டானோ என்று ஊர் ஓடிவருவதில்தான் அந்தக் காட்சியின் சுவையே இருக்கிறது. இரண்டுக்கும் இரு வேறு ஒலிப்பதிவு போட்டால் அந்தச் சுவை போயிற்று. அந்த இருவர் கையில் இருக்க வேண்டியது கூதொக்: மூன்று நரம்பு, வில்லால் இழுப்பது, நிமிர்த்திப் பிடிப்பது. பாலலைக்காவைக் கொடுக்காதீர்கள், அந்தப் பெயர் எழுத்தில் முதலில் தென்படுவதே 1688இல்.

நான்காம் அங்கத்தில் கிராமத்தார் கோரஸ் வாத்தியத் துணையின்றி வருகிறது. ரஷ்ய நாட்டுப்புறப் பல்குரல் பாட்டை இவ்வளவு எளிமையாக யாரும் ஓபராவுக்குள் கொண்டுவந்ததில்லை என்பது எங்கள் எண்ணம். சுருதி இறங்குவதும் இங்கேதான். மூன்று மணி நேரம் பாடிக் களைத்த தொண்டை, நடந்துகொண்டே பாட வேண்டிய கட்டளை, எரிந்த ஊருக்கான புகை வேறு. இதை ஒத்திகையின் தொடக்கத்தில், தொண்டை புதிதாக இருக்கும்போது பழக்குவது வீண். ஒத்திகையின் கடைசியில் வையுங்கள். முதல் சரணத்தை நின்றபடி பாடவைத்து, பிறகு நடக்கவிடுங்கள். புகையைப் புலம்பலுக்கு முன்பே நிறுத்துங்கள். திரைக்குப் பின்னால் ஆர்மோனியம் வைத்துச் சுருதி கொடுக்கும் வேலை வேண்டாம், பின் வரிசையில் கேட்கிறது.

பாத்திரத் தேர்வில் ஒன்று. யாரொஸ்லாவ்னாவின் அண்ணன் கலீத்ஸ்கியையும் கொன்சாக்கையும் ஒரே பாஸ் (கீழ்க்குரல் பாடகர்) பாடலாம். 1914இல் லண்டனில் ரஷ்யப் பாடகர் ஷாலியாப்பின் பாடியிருக்கிறார். இருவரும் ஒரே அங்கத்தில் வருவதில்லை. ஆனால் முன்னவனுக்கு மேல்குரல் வேண்டும், பின்னவனுக்கு ஆழம் வேண்டும். இரண்டும் உள்ளவர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். மாற்றிய வரிசையில், கொன்சாக் முடிந்ததும் கலீத்ஸ்கி அங்கத்தின் தொடக்கத்திலேயே பாட வேண்டியிருக்கும். நடுவில் இடைவேளை இல்லையென்றால் அரிதாரம் கலைக்கவும் நேரமிருக்காது. யாரொஸ்லாவ்னா இகோரின் இரண்டாம் மனைவி, விளாதிமிர் முதல் தாரத்து மகன் என்று ஸ்கோரின் பாத்திரப் பட்டியலே சொல்கிறது. ஆகவே அவளை நரைத்த தாயாக ஒப்பனை செய்ய வேண்டியதில்லை.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் திருத்த வேண்டியவை: இகோர் கீவ் மன்னனல்ல, வடக்கே உள்ள பெரிய நொவ்கரதின் மன்னனும் அல்ல. தமிழில் 'இளவரசர்' என்று எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை: அவன் மன்னனின் மகன் என்ற பொருளில் இளவரசனல்ல, ஆட்சியிலிருக்கும் குறுநில மன்னன். பொலொவெத்ஸியர் மங்கோலியரல்ல, மங்கோலியர் வந்தது அடுத்த தலைமுறையில், 1223இல் கல்கா ஆற்றங்கரையில் இகோரின் இனத்து மன்னர்களும் பொலொவெத்ஸியரும் சேர்ந்தே அந்த மங்கோலியரிடம் தோற்றார்கள். வரைபடம் போட்டால், புத்தீவ்லும் நொவ்கரத்-சேவெர்ஸ்கும் இன்று உக்ரைனின் சூமி, செர்னிஹிவ் மாநிலங்களில் இருக்கின்றன. இன்றைய பெயர்களோடு, இன்றைய எல்லையோடு போடுங்கள்.

கடைசியாக, எந்தப் பதிப்பு என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். 'போரோதினின் ஓபரா' என்று மட்டும் போடுவது போதாது. எது போரோதின், எது ரிம்ஸ்கி-கோர்சகோவ், எது கிளாசுனோவ், எந்தெந்த இடம் எத்தனை நிமிடம் வெட்டப்பட்டது, வெட்டியவர் யார் என்று நான்கு வரி. நுழைவுச்சீட்டு விற்கும் பக்கத்திலும் அதே நான்கு வரி இருக்கட்டும். மூன்றாம் அங்கம் இல்லையென்றால் வாங்கும் முன்பே தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்கோரை மடியில் விரித்துவைத்துக் கேட்கும் சிலர்